ஊருக்கெல்லாம் சாவி கொடுத்த கை

அலுவலகக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டுதான் அவர் உள்ளே வருவார். பை தோளில் தொங்கும், தலைக்கவசம் அக்குளில் இடுக்கியிருக்கும், இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்தி உறை. மின்விசிறியின் சுவிட்சை விரல் முட்டியால் தட்டுவார். நாற்காலியில் உட்கார்ந்து, விரல் விரலாக உறையைக் கழற்றி, நகங்களைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, ஆளு வந்தாச்சு" என்பார். ஆள் என்று அவர் சொன்னது தன்னை அல்ல, தன் வலது கையை.

ஏழு பேர் கொண்ட சின்ன விளம்பர நிறுவனம் அது. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், மேலே நாங்கள் சோப்புக்கும் கடிகாரத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். நான் வாசகம் எழுதுகிறவன். அவர் படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பொருத்துகிற வடிவமைப்பாளர். சம்பளம் அதற்குத்தான். ஆனால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'கை அண்ணன்'.

ஆரம்பித்தது ஒரு கடிகாரக் கடை விளம்பரத்தில். படமெடுக்க ஏற்பாடு செய்திருந்த மாடல் வரவில்லை. மேடம், அதாவது எங்கள் முதலாளி, இருந்தவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துக் கையை நீட்டச் சொன்னார். என் கையைப் பார்த்து, "நீ எழுதிக்கிட்டே இரு" என்று ஒதுக்கிவிட்டார். வடிவமைப்பாளரின் கைக்கு வந்ததும் நின்றார். நீண்ட விரல்கள், சதுரமான நகங்கள், புறங்கையில் நரம்பு தெரிந்தும் தெரியாமலும். அன்றிலிருந்து மாத்திரை நீட்டுவது, கோப்பையைப் பிடிப்பது, கையெழுத்துப் போடுவது, புது வீட்டுச் சாவியைக் கொடுப்பது எல்லாம் அந்தக் கைதான். பேருந்தின் முதுகில் அவர் கை முன்னால் போகும். அதே கையில் உறை மாட்டிக்கொண்டு அவர் வண்டியில் பின்னால் போவார். சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒருமுறை வம்பில் மாட்டிக்கொண்டோம். இரண்டு வங்கிகளுக்கு ஒரே சமயத்தில் வீட்டுக் கடன் விளம்பரம் செய்து கொடுத்தோம். நாற்சந்தியில் இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. இரண்டிலும் அதே கை, கட்டைவிரலுக்கு அடியில் அதே மச்சம், எதிரெதிராக நின்று சாவி நீட்டுகிறது. ஒரு வங்கிக்காரர் தொலைபேசியில், "என்ன மேடம், எங்க ஆளு எதிர்க்கடையிலயும் வேலை பார்க்கிறாரா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு மச்சத்தை ஒரு விளம்பரத்தில் வைப்பதும் இன்னொன்றில் எடுப்பதுமாக ஏற்பாடு செய்துகொண்டோம். கணினியில் அதை எடுக்கிறவரும் அவரேதான். தன் கையின் மயிர்க்கால்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பெருமையெல்லாம் அவர் வீட்டு வாசலோடு சரி. அவர் மனைவி கணக்கு டீச்சர், பேச்சில் கணக்கு டீச்சருக்கே உரிய கறார். "ஊருக்கெல்லாம் சாவி குடுக்குற கை, வீட்டுல ஒரு டம்ளரைக் கழுவாது" என்று எங்களிடம் முறையிடுவார். காய் நறுக்கினால் வெட்டிக்கொள்வாராம், பாத்திரம் துலக்கினால் தோல் வறண்டுவிடுமாம், ஆணி அடித்தால் கேட்கவே வேண்டாம். "இவருக்குப் பதிலா ஒரு கண்ணாடி பொம்மையை வாங்கி வெச்சிருக்கலாம். அதுக்கு மத்தியானச் சாப்பாடு கட்ட வேண்டியிருக்காது." அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

மத்தியானச் சாப்பாடு என்றதும் எனக்கு அந்தப் பெரிய மேஜை ஞாபகம் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய விளம்பரத்தைத்தான் மேஜையில் விரித்துச் சாப்பிடுவோம். அது யாருடைய வேலையோ அவருக்கு எல்லோர் டப்பாவிலிருந்தும் முதல் பங்கு. நான் அந்த மேஜையில் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணினிகளை அணைத்துவிட்டு எல்லோரும் தெருவில் நடந்துவிட்டு வரவேண்டும், ஆளுக்கு ஒரு புது விஷயம் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். நாங்கள் கடைப் பெயர், சுவரின் நிறம், யாரோ பேசிய ஒரு வாக்கியம் என்று கொண்டுவருவோம். கை அண்ணன் கைகளை மட்டுமே கொண்டுவருவார். பூட்டுக் கடைக்காரர் சாவியைத் தடவிப் பார்க்கிற கை, தூங்குகிற குழந்தை அப்பாவின் சட்டைப் பொத்தானை விடாமல் பிடித்திருக்கிற கை. சொல்லும்போது தன் கையாலேயே அதைச் செய்து காட்டுவார். வேறெங்கும் எனக்கு அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகள் கிடைக்கவில்லை.

பிறகு அந்தக் களிம்பு வந்தது. கைகளுக்குத் தடவுகிற களிம்பு, பெரிய நிறுவனம். அதுவரை எங்களிடம் வந்த வேலைகளையெல்லாம் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. அந்த வருடம் அலுவலகம் மூச்சு விடுவதே அதை நம்பித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்சந்தியின் மிகப் பெரிய பலகையில் ஒரே ஒரு கை, அதில் எந்தப் பொருளும் இல்லை. இதுதான் யோசனை. சோதனைக்கு எடுத்த படங்களிலிருந்து அந்த நிறுவனத்து அதிகாரியம்மாவே அவர் கையைத் தேர்ந்தெடுத்தார். அன்று கை அண்ணன் வேலையே செய்யவில்லை. என் மேஜைக்கு வந்து, "இத்தனை நாள் கையில இருந்ததைத்தான் பார்த்தாங்க. இப்பதான் கையைப் பார்க்கப் போறாங்க" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

படப்பிடிப்புக்குச் சில நாட்கள் முன்னால் டீச்சர் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கை வரை மாவுக்கட்டு. பிள்ளை வெளியூரில் படிக்கிறான். மேடம் பதறிப்போய், சமைக்க ஆள் வைக்கிறேன், சாப்பாடு கடையிலிருந்து வரட்டும், நீங்கள் எதையும் தொடாதீர்கள் என்று கை அண்ணனிடம் கெஞ்சினார். அவரும் சரி என்றார். சமையலுக்கு ஆள் வந்தது. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றவும் சடை பின்னவும் வேற்றாள் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். உறை மாட்டிய கையால் சடை பின்ன வரவில்லை. அவர் உறையைக் கழற்றினார்.

நடந்ததை டீச்சர்தான் எனக்குச் சொன்னார். குளியலறை முக்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கணவர் அடுப்பிலிருந்து கொதிக்கும் தண்ணீரைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வருகிறார், வாளியில் விளாவுவதற்கு. டீச்சரின் தலைக்கு நேரே வரும்போது ஒரு பக்கக் கைப்பிடி கழன்றுவிட்டது. "கீழ விட்டிருந்தா அவர் கை தப்பிச்சிருக்கும். அவ்வளவும் என் மேல வந்திருக்கும். அந்தக் கையாலயே பாத்திரத்தை முட்டுக் குடுத்து, தண்ணி மேல வழிய வழிய, சுவரோரம் கொண்டுபோய் வெச்சுட்டுத்தான் கத்துனாரு." சொல்லிவிட்டு டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கட்டுப் போட்ட கையோடு கை அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். மேடம்தான் நேராகக் களிம்பு நிறுவனத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னார். சோதனைப் படம் அவ்வளவு பெரிய பலகைக்குத் தாங்காது, வேறு கையைத் தேடலாமா என்று கேட்டார். வாடகைக்கு வந்த சில கைகளை அவர்களுக்குக் காட்டியும் பார்த்தோம். அதிகாரியம்மா ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில், ஆறட்டும், காத்திருக்கிறோம், படத்தில் மட்டும் தழும்பு தெரியக்கூடாது என்றார்கள். போன உயிர் எங்கள் எல்லோருக்கும் திரும்பி வந்தது.

ஆறியது. கட்டைவிரலுக்கு அடியிலிருந்து மணிக்கட்டு வரை, மச்சத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, இளஞ்சிவப்பில் ஒரு தழும்பு. படம் எடுத்தாயிற்று. அவர் கணினியில் உட்கார்ந்து வழக்கம்போல் மயிர்க்கால்களை எடுத்தார், நகக்கண்ணின் சிறு கீறலை எடுத்தார். சீட்டிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். திரை முழுக்கத் தழும்பு, அவர் சுட்டியிலிருந்து கையை எடுத்திருந்தார். சற்று நேரம் கழித்து எழுந்து மேடத்தின் மேஜைக்குப் போனார்.

"மேடம், இதை மட்டும் நீங்க எடுத்துடுங்க. எனக்கு மனசு வரல."

மேடம் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கை அண்ணன் படியிறங்கிச் சைக்கிள் கடை வாசலில் போய் நின்றுகொண்டார்.

பலகை ஏறிய அன்று வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் நாற்சந்திக்குப் போனோம். டீச்சரும் வந்திருந்தார். கட்டுப் பிரித்த கை மெலிந்து வெளுத்திருந்தது. நான்கு மாடி உயரத்துக்கு நின்றது அந்தக் கை, ஒரு மாசு மறுவில்லாமல். மேடம் செல்போனில் படமாக எடுத்துத் தள்ளினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். டீச்சர் மட்டும் கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கங்க அது?"

"எடுத்துட்டாங்க."

"என்னைக் கேட்காம எப்படி எடுப்பாங்க?"

வந்ததிலிருந்து கை அண்ணன் ஒருமுறைகூடப் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது கையைப் புறங்கை மேலாக டீச்சருக்கு முன்னால் நீட்டினார். டீச்சர் அதை வாங்கி, மெலிந்த விரலால் தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டார்.