தம்பியின் முதுகு

சின்ன வயதில் வந்த போலியோவால் என்னால் நடக்க முடியாது. கள்ளிக்குப்பத்தில் வீட்டுப் படி, சர்ச் படி, பஸ் படி எதுவானாலும் தம்பி டேவிட்தான் என்னை முதுகில் சுமந்து ஏற்றுவான். தொண்ணூறுகளில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்காக முதன்முறையாக விமானத்தில் டெல்லிக்குக் கிளம்பினேன். வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் மீனம்பாக்கம் வந்தார்கள். ரயிலில் செய்வதைப் போல, என்னை சீட்டில் உட்காரவைத்துவிட்டு இறங்கிக்கொள்ளலாம் என்று டேவிட் நினைத்திருந்தான்.

டிக்கெட் இல்லாதவர்களைக் காவலர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அப்ப எங்கண்ணன யாரு சார் தூக்கினு போவாங்க?" என்றான் டேவிட்.

"உள்ள ஆளுங்க கீறாங்கப்பா."

மற்றவர்களுக்கு முன்பே என்னைச் சக்கர நாற்காலியில் விமானப் படிக்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். தூக்க வந்த ஊழியர் குனிந்து, "எப்டித் தூக்குனா உங்களுக்கு வலிக்காது சார்?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "இடது தொடைய மட்டும் அழுத்தாதீங்க" என்றேன். அன்றுதான் வலியில்லாமல் படியேறினேன்.

டெல்லியிலிருந்து திரும்பி வந்தபோது, விமான நிலைய வாசலில் டேவிட் வழக்கம்போல முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"இடது தொடையப் புடிக்காதடா, முட்டிகிட்ட புடி."

"இத்தினி வருசமா வலிச்சிகினா இருந்துச்சு? ஏண்ணா சொல்லல?"

"நீ கேக்கலயே" என்று சமாளித்தேன்.

கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். தூக்குவதற்கு இருந்தவன் அவன் ஒருவன்தான்.