மாவில் ஓடிய ரெட்டைவால் பல்லி

சர்ச்சுத் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவள் கார்மோசினா. துவைத்ததை அவள் கணவன் சபாத்தினோ அடுக்கிவிட்டுப் போன கல்சுவரில்தான் காயப்போடுவாள். அவன் பெல்ஜியத்துச் சுரங்கத்துக்குப் போய் ஆறு வருஷம். கடிதம் நின்றே நாலு வருஷம். அவளுக்கு அவன் நினைப்பு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

பிப்ரவரி வெயில் கொஞ்சம் உறைத்ததும், இடுக்குகளில் குளிருக்கு ஒடுங்கிக்கிடந்த பச்சை முதுகுப் பல்லிகள் வெளியே வந்து கல்லோடு கல்லாக வயிற்றை அப்பிக் கிடக்கும். அந்த வருஷம் ஒன்றுக்கு இரண்டு வால். பாதி முறிந்த வால் விழாமல் தங்கிவிட்டால் பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும். நிறம் மங்கல், உள்ளே எலும்பும் கிடையாது.

எங்கள் ஊரில் ரெட்டைவாலைப் பிடித்தால் மாவுத் தட்டில் ஓடவிட்டு, தடத்தில் லாட்டரி எண் பார்ப்போம்.

"அடியே, மாவுல விட்டுப் பாரு. அடிச்சா எனக்கும் பங்கு குடு," என்றேன் பக்கத்து வீட்டுக்காரி நான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"எண் யாருக்கு வேணும்? அவரு வர்ற தேதிய கேக்கப்போறேன்க்கா."

புல்தண்டில் சுருக்குப் போட்டுப் பிடித்தாள். அது மாவில் நேராக ஒரு ஓட்டம் ஓடி, பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வாலைக் கீழ்ப்பக்கம் இழுத்தபடி குதித்துச் சுவருக்கே ஓடிவிட்டது.

"ஒண்ணு, ஒம்பது! மார்ச் பத்தொம்பது, சூசையப்பர் திருநாள்க்கா!"

திருநாள் அன்று பணியாரம் பொரித்து எடுத்துக்கொண்டு காலைப் பேருந்துக்கே போய் நின்றாள். என் வாயால் வந்த வினைதானே. துணைக்கு நானும் நின்றேன். சாயங்காலப் பேருந்தில் பக்கத்து ஊர் தொனாத்தோ இறங்கினான். அதே சுரங்கத்து ஆள்.

"சபாத்தினோவா? அவனுக்கு அங்க பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க இருக்காங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

கார்மோசினா ஒரு பணியாரத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிடுப்பா. பசியோட வந்திருப்ப."

மறுநாள் காலை என் பூனை அந்தப் பல்லி மேல் பாய்ந்தது. பல்லி ஒரு வாலை உதறிப் போட்டுவிட்டு இடுக்குக்குள் மறைந்தது. வால் கீழே கிடந்து துள்ளியது. பூனை அதையே பார்த்தது. கார்மோசினாவும் ஈரத்துணியைப் பிடித்தபடி பார்த்தாள்.

"பல்லி எப்பவோ உள்ள போயிருச்சுக்கா. இங்க துடிச்சிட்டுக் கெடக்கிறது நான்தான்."

அவள் துணியை உதறிக் காயப்போட்டாள். இன்றும் சாயங்காலப் பேருந்தின் ஹாரன் கேட்டால் துணி பிழிகிற அவள் கை ஒரு கணம் நின்றுவிடும்.