விதைக்கு விட்ட புகையிலை

இந்த நாட்டில் படித்தவர்கள் விடுமுறை நாளில் மண் கொத்தப் போகிறார்கள். பல் வைத்தியரும் வங்கி அதிகாரியும் சனிக்கிழமை காலையில் முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு தள்ளுவண்டி உருட்டுவதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலம் பேசிப் பழகலாம் என்று மாலை வகுப்பு ஆசிரியை சொன்னதால்தான் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு நானும் போகத் தொடங்கினேன். துடைத்துப் பளபளக்கும் சப்பாத்தோடு டூட்டிங் கடைத்தெருவைக் கடப்பேன். றப்பர் பூட்ஸ் பைக்குள் இருக்கும். எங்கள் ஆட்கள் யாராவது கண்டு கேட்டால் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்வேன்.

தோட்டத்தை நடத்தியவர் டெல்மா. வட அமெரிக்கப் பூர்வகுடிகளான லக்கோட்டா மக்களைச் சேர்ந்தவர். ஆங்கிலேயர் ஒருவரை மணந்து இங்கே வந்து, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தார். என்னைவிடச் சில வயதுதான் மூப்பு. கவுன்சில் கொடுத்த துண்டு நிலத்தில் தம் மண்ணின் பயிர்களை வளர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுவார். சோளம், அவரை, பூசணி, வேலியோரம் ஒரு வரிசைப் புகையிலை. ஊரில் தோட்டம் செய்திருக்கிறீர்களா என்று முதல் நாளே கேட்டார். "இல்லை, அப்பா அலுவலகத்தில் வேலை" என்றேன். யோசிக்காமலே வந்த பதில்.

அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ஐயாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாது. யாழ்ப்பாணத்து இணுவிலில் குத்தகைக் காணியில் புகையிலை செய்தார். பள்ளிக்கூடம் போகமுன் வரிசை வரிசையாகப் போய்ப் பூ முகைகளை முறிப்பது என் வேலை. பூக்க விட்டால் இலை மெலிந்துவிடும். விலை போவது இலைதான். பிறகு இலைக்கும் தண்டுக்கும் இடையில் கிளம்பும் பக்கத் தளிர்களையும் கிழமைக்குக் கிழமை ஒடிக்க வேண்டும். அது முடிந்து, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு வகுப்பில் போய் இருந்தால், தோட்டத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன். நான் கொழும்புக்கு பஸ் ஏறிய அன்று ஐயா சொன்னார்: "அங்கை போய்த் தோட்டக்காரன்ர பொடியன் எண்டு சொல்லிக்கொண்டு திரியாதை. நீ படிச்சனி." அவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் உறுத்துகிறது.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை, டெல்மா சோளத்தடியில் பிள்ளைகளோடு நின்றார். நான் புகையிலைக்குள் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். முகைகள் கட்டி நின்றன. என் கை தானாகப் போனது. வரிசை முடிந்து நிமிர்ந்தபோது மனதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"இனி இலை நன்றாகப் பெருக்கும்," என்றேன் டெல்மாவிடம்.

அவர் நிலத்தில் கிடந்த முகைகளைப் பார்த்தார். "பெருத்து என்ன செய்ய?"

"விற்கலாம்."

"நாங்கள் இதை விற்பதில்லை."

டெல்மாவின் மக்கள் எதைப் பறிப்பதானாலும் முதலில் ஒரு சிட்டிகை புகையிலையை மண்ணில் வைத்து நன்றி சொல்வார்களாம். அதற்குத்தான் அந்த வரிசை. விதை, டெல்மாவின் தாயார் சாகுமுன் கொடுத்தனுப்பியது. டெல்மா மீதி வைக்காமல் எல்லாவற்றையும் விதைத்துவிட்டார். பூ வந்தால்தான் மறுவருட விதை. டெல்மா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், இவர் நன்றி சொல்லிவிட்டா முறித்தார்?"

டெல்மா திரும்பி நடந்தார். மண்கிளறும் முள்ளை எடுத்துவந்தார். வரிசை போய்விட்டது, பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது நடுவோம் என்றார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஒன்றும் தெரியாதவனாகத் தப்பியிருப்பேன்.

"பிடுங்க வேண்டாம். பக்கத்தில் தளிர் வரும். அதை ஒடிக்காமல் விட்டால் பூக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அப்பா புகையிலைத் தோட்டக்காரர்."

அருகில் நின்ற பல் வைத்தியர் முகம் மலர்ந்து, எத்தனை ஏக்கர் என்று கேட்டார். அவர் மனதில் ஓடத் தொடங்கிய டிராக்டரை நிறுத்த எனக்கு ஆங்கிலம் போதவில்லை. டெல்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே முள்ளைக் கீழே வைத்தார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அறையில் என்னோடு இருந்த சிவம் அண்ணையிடம் அன்று மாலை சொன்னேன்.

"லண்டனுக்கு வந்து போயிலைக்கண்டு முறிச்ச முதல் ஆள் நீதான்ரா. உன்ர ஐயா அறிஞ்சால் நல்லாச் சந்தோசப்படுவார்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. குளிருக்கு முன்னம் விதை கட்டுமோ தெரியேல்லை."

"பொலித்தீன் போட்டு மூடு. வெங்காய நாத்துக்கு நாங்கள்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "எங்கடையும் தோட்டந்தான். ஊர்ச் சங்கத்து ஆக்களிட்டை சொல்லிப்போடாதை," என்றார்.

தளிர்கள் வந்தன. அவற்றை ஒடிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பது பெரும்பாடு. கைகளைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள்வேன். புரட்டாதி முடியப் பூத்தது. பொலித்தீனுக்குள் சில காய்கள் மட்டும் தப்பி, பழுப்பு நிறமாகிக் காய்ந்தன. டெல்மா அவற்றை உதிர்த்து, தூசுபோன்ற விதையை இரண்டு பொட்டலங்களாகக் கட்டினார். ஒன்றில் தன் தாயாரின் பெயரை எழுதினார்.

"இது உங்கள் அப்பாவுக்கு. என்ன பெயர்?"

"கந்தையா."

"அது உங்கள் பெயர் அல்லவா?"

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கடவுச்சீட்டில் அந்த இடத்தில் தகப்பன் பெயரைத்தான் போடுவார்கள் என்றேன். விமான நிலையத்து அதிகாரியிலிருந்து பல் வைத்தியர்வரை இந்த நாட்டில் எல்லோரும் என்னை ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

போரால் ஊருக்குப் பாதையும் தபாலும் அடைபட்டுக் கிடந்த காலம் அது. பொட்டலம் தோட்டக் கொட்டகை மேசையிலேயே இருந்தது. புறப்படும்போது பல் வைத்தியர் அதில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "உங்களுடையதை விட்டுவிட்டுப் போகிறீர்களே, மிஸ்டர் கந்தையா," என்று எடுத்து நீட்டினார். நான் கையைப் பொக்கற்றிலிருந்து எடுக்கச் சற்று நேரமானது.