சுழி சரியில்லாத மாடு

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாடு பார்க்கப் போகும் நாள். கோபாலபுரத்துப் பிள்ளைகள் எல்லாம் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, நான் மட்டும் காரின் பின்சீட்டில் வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாடு வாங்கப்போவது அத்தை. குறை சொல்லப்போவது அப்பா. நான் எதற்கு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன ஒரே வருஷத்தில் மாமா இறந்துவிட, பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பிறகு தரமணியில் வேலை பார்த்துச் சேர்த்ததில் திருப்போரூர் தாண்டிக் கொஞ்சம் நிலம் வாங்கி, ஓர் அறையும் கட்டினாள். முதல் மாடு வந்ததும் அங்கேயே குடிபோவதாகத் திட்டம். நல்ல மாடாகக் கிடைக்கட்டும், அப்புறம் போகலாம் என்பது அப்பாவின் நிபந்தனை.

மாட்டைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பால் பாக்கெட்தான். ஆனாலும் ஒன்றுக்குக் கால் வளைவு, இன்னொன்றுக்கு முறைப்பு என்று ஏதாவது கண்டுபிடித்துவிடுவார். அத்தை வேறு மாதிரி. சாயங்காலம் கறப்பதையும் மறுநாள் காலை கறப்பதையும் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்பாள். முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டும் பண்ணைக்காரர்கள் உண்டாம். அதைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறிவிடும். நாங்களும் வெறுங்கையோடு திரும்புவோம். எனக்கு அலுத்துப்போயிற்று. அத்தைக்கும்தான். கடைசியில் காரில் ஒருவரோடொருவர் பேசுவதையே விட்டிருந்தோம்.

கேளம்பாக்கம் பக்கம் ஒரு பெரியவரின் கொட்டகையில் சிவப்பு மாடு ஒன்று நின்றது. அப்பா குறை தேடத் தொடங்குமுன் அவரே சொல்லிவிட்டார்.

"பால்ல கொறையே இல்ல சார். ஆனா நெத்தியில சுழி சரியில்ல. குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லிக்கினு கீறாங்க. மறைச்சி விக்கக் கூடாது பாருங்க."

அப்பா அப்போதே கார் சாவியை எடுத்துவிட்டார். அத்தை நகரவில்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது வாங்கினாங்களா?"

"ஒருத்தரு ஓட்டிக்கினு போனாரும்மா. அவுங்க வீட்ல ஒரு சாவு வுழுந்திச்சி. கெழவருக்கு சுகரு, பிரஷரு எல்லாம் இருந்திச்சி. பழி இது மேல. மறு வாரமே திருப்பிக் கொணாந்து வுட்டுட்டாங்க."

அத்தை மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இத்தனை பண்ணைல குறையைத் தானா சொன்னவர் இவர் ஒருத்தர்தான். கறக்கறதை நின்னு பார்க்கறேன். சரியா இருந்தா இதையே வாங்கிக்கறேன்."

"வேண்டாம்மா. இதான் சரியில்லைன்னு அவரே சொல்றாரே."

"என்னையும்தான் சொன்னாங்க. நீ கூட்டிண்டு வரலையா அண்ணா?"

அப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய் நின்றார்.

கறப்பதைப் பார்க்க அத்தை அங்கேயே, அந்தப் பெரியவர் வீட்டுப் பெண்களோடு தங்கிவிட்டாள். நானும் அப்பாவும் மட்டும் திரும்பினோம். அடுத்த ஞாயிறு நான் வர வேண்டாம்தானே என்று கேட்டேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஒரே நிம்மதி. தரமணி சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். பிடிக்காத மாட்டை அத்தை வாங்கப்போகிறாளே என்றுதான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.