அருளின் தாய்க்கு எழுதிய வசனம்

இல்லாத ஒருவனுடைய பெயரைப் பூசையில் வாசித்ததை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். மன்னாரில் எங்கள் ஊரான தோட்டவெளியின் கத்தோலிக்கக் கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அது. பங்குச் சுவாமியார், யார் யாருக்காகப் பூசை என்கிற அந்த வாரத்துக் கருத்துகளை வழக்கம்போல வாசித்துக்கொண்டு வந்தார். இறந்துபோன இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாருடைய உடல் சுகத்துக்காக என்று போய்க்கொண்டிருந்த பட்டியலின் நடுவில், "அருள் சுகமாக வீடு திரும்ப வேண்டி" என்றார். அருள் யாரென்று கோவிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கிழமையில் மூன்று நாள் பின்னேரம் வானொலியில் போய்க்கொண்டிருந்த எங்கள் தொடர் நாடகத்தில் வருகிற மீனவப் பெடியன் அவன். ஒருவரும் சிரிக்கவில்லை. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். நாடகத்தில் அருளின் தாய்க்குக் குரல் கொடுத்தவள் நான்தான். பெற்றவள் சொல்லாமல் விடலாமா?

அந்த நாடகத்தை எழுதியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். உயிலங்குளத்தில் வயல் செய்கிற குடும்பம். போர் முடிந்து சனம் மீளக்குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. தறப்பாள் கொட்டில்களில் இருந்தவர்களுக்குப் பொழுதுபோக என்று மன்னார் ரவுனில் ஒரு சின்ன வானொலி நிலையம் தொடங்கினார்கள். கீழே ஹாட்வெயார் கடை, மேலே எங்கள் ஒலிப்பதிவு அறை. ஊர் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்ததால் கடைக்குத் தகரம் வந்து இறங்கியபடியே இருக்கும். மேலே நான் மகனை நினைத்து விம்மிக்கொண்டிருக்கும்போது கீழே இருபது தகரம் ஒன்றாய் விழும். பிறகு முதலிலிருந்து விம்ம வேண்டும்.

எனக்கு அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்கிற குணம் உண்டு. அக்காவுக்கு இவ்வளவு கதை எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் எனக்கு நித்திரை வராது. அதனால் ஒருநாள் அவரோடு உயிலங்குளம் வரை சும்மா பஸ்ஸில் போனேன். அவர் யன்னல் பக்கம் இருக்கமாட்டார். நடைபாதைப் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, கண்ணை மூடி, தூங்குகிறவர்போலத் தலையைச் சாய்த்துக்கொள்வார். முன்னால் இரண்டு பெண்கள் மருமகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த கிழமை அந்த மருமகள் எங்கள் நாடகத்தில் வந்துவிட்டாள், பெயர் மட்டும் வேறு. சைவக்காரரான அவருக்கு எங்கள் வேதக்கார வழக்கங்கள் தெரியாது. அதற்கு என்னைப் பிடித்துக்கொள்வார். பெருநாளுக்குக் கொடி எப்போது ஏற்றுவது, மடு மாதா கோவிலுக்கு நடந்து போகிறவர்கள் என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள், பூசைக்குப் பெயர் கொடுப்பது எப்படி என்று துருவித் துருவிக் கேட்பார். துருவுகிற விஷயத்தில் எனக்கு மேலாக ஒருவரைக் கண்டது அப்போதுதான்.

அருளாக நடித்த பெடியனுக்குக் கட்டாருக்கு விசா வந்துவிட்டது. ஒரே நாளில் பெட்டியைக் கட்டினான். தொடர் நாடகத்தில் இது வழமையான தலையிடி. அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அருள் வேலை தேடி வவுனியாப் பக்கம் போனதாக எழுதினார். இரண்டு கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வரும், அங்கேயே கல்யாணமும் கட்டிவிடுவான், ஆள் குரல் காட்டத் தேவையில்லை என்பது திட்டம். அதுவரைக்கும் என்று எனக்கு ஒரு வசனம் தந்தார். "போன பிள்ளை இன்னும் வரேல்லை." நானும் நன்றாக உருகித்தான் சொன்னேன்.

போரில் காணாமற்போன பிள்ளைகளுக்காகத் தாய்மார் காத்திருந்த அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் சொல்லக்கூடாத வசனம் அது. எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்காமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நாடகம் கேட்கிறவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கின. பேசாலையிலிருந்து இரண்டு பெண்கள் படியேறி வந்து, "அவனைச் சாகடிச்சுப் போடாதேங்கோ" என்று அக்காவின் கையைப் பிடித்தார்கள். அக்காவின் தம்பியும் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர்தான். அதைப்பற்றி அவர் கதைப்பதில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. எதையும் கேட்டுவிடுகிற நானும் அதை மட்டும் கேட்டதில்லை.

பூசைக்கு அருளின் பெயரைக் கொடுத்தது எங்கள் ஒழுங்கையில் இருந்த மாமி. அவருடைய மகன் வன்னியில் காணாமற்போய் அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மகனுக்காக மாமி ஒருநாளும் பெயர் கொடுத்ததில்லை. பிரான்சில் இருந்த மூத்த மகள், "அம்மா, தம்பிக்கு ஒரு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை குடுங்கோ, அவன் அந்தரிச்சுத் திரியப்போறான்" என்று ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் அழுதாள். மாமி அசையவில்லை. நான் போய் விசாரித்தேன்.

"மாமி, நாடகத்தில வாற பெடியனுக்குப் பேர் குடுத்திருக்கிறியள், சொந்தப் பிள்ளைக்குக் குடுக்கேல்லையே?"

"அருள் உயிரோடதான் இருக்கிறான் பிள்ளை. எழுதிறவவுக்குத் தெரியும்தானே அவன் எங்க எண்டு." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீதானே தாய். நீ அவனுக்கு இளைப்பாற்றிப் பூசை குடுத்தாயெண்டால் நானும் என்ரை பிள்ளைக்குக் குடுக்கிறன். மூத்தவளுக்கும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டன்."

இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் பேனையை மூடி வைத்தார். அந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் பழைய பகுதிகளையே ஒலிபரப்பினோம். நிலையப் பொறுப்பாளருக்குக் கோபம். "வேற பெடியனைப் பிடிச்சு ஆளைக் கொண்டுவாங்கோ, சனம் சந்தோசப்படும்" என்றார்.

"அவன் வந்திட்டால் அந்த மனிசி தன்ரை மகனும் வருவானெண்டு இன்னும் எத்தனை வருசம் படலையைப் பூட்டாமல் விடும்?" என்று அக்கா கேட்டார்.

"அப்ப செத்திட்டான் எண்டு எழுதுங்கோ."

"அதைச் சொல்ல நான் ஆர்?"

முதலில் திட்டம் போட்ட கடிதமும் கொழும்புக் கல்யாணமும் போன இடம் தெரியவில்லை.

கடைசியில் அக்கா என்னோடு தோட்டவெளிக்கு வந்தார். மாமி வாசலில் இருந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா மகனைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தானும் குந்தியிருந்து ஒரு நண்டைக் கழற்றப் பார்த்தார். வயற்காட்டுப் பெண்ணுக்கு நண்டின் பிடி எங்கே தெரியும்? அது விரலைக் கவ்விக்கொண்டது. அக்கா போட்ட சத்தத்தில் மாமி வாய்விட்டுச் சிரித்தார். மாமி சிரித்து நான் பார்த்துக் கன காலம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபடி தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"எனக்குப் பேர் குடுக்க விருப்பம்தான் பிள்ளை. சுவாமியார் இருக்கிற அறைவீட்டுக்குப் போனால் அவர் கொப்பியைத் திறந்துவைச்சு, உயிரோட இருக்கிறவருக்கோ, இறந்தவருக்கோ எண்டு கேக்கிறார். அவரில பிழையில்லை, ரெண்டுக்கும் வேற வேற பக்கம் இருக்கு. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் போறேல்லை."

திரும்பும்போது நானும் அவரோடு உயிலங்குளம் வரை போனேன். அக்கா பஸ்ஸில் கண்ணை மூடவில்லை. பழைய பற்றுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பஸ் தள்ளாடி என்ற ஊரைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டார். அடுத்த நாள் ஒலிப்பதிவு. அருளின் தாய் அறைவீட்டுக்குப் போகிறாள். சுவாமியார் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். எனக்கு இருந்தது ஒரே ஒரு பதில்.

"பேரை மட்டும் வாசியுங்கோ ஃபாதர். மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும்."

முதல் தடவையிலேயே சரியாக வந்தது. கீழே தகரம் இறக்குகிறவர்கள் அன்றைக்கு என்ன நினைத்தார்களோ, ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அது நடிப்புக்காக வந்ததல்ல.

அது ஒலிபரப்பான கிழமையே மாமி அறைவீட்டுக்குப் போனார். நானும் ஏதோ அலுவல் இருப்பதுபோலப் பின்னால் போய் நின்றேன். சுவாமியாரும் நாடகம் கேட்கிறவர்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியில் ஒரு புதுப்பக்கத்தைத் திருப்பி, "சொல்லுங்கோ அம்மா" என்றார். மாமி மகனுடைய முழுப் பெயரையும் சொன்னார், ஞானஸ்நானப் பெயரோடு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயர் தனியாக வாசிக்கப்பட்டது. அதற்கடுத்த கிழமை இன்னும் ஐந்தாறு பெயர்கள் சேர்ந்துகொண்டன. பிரான்ஸ் மகள் தொலைபேசியில் பிறகும் அழுதாள். ஆனால் அம்மாவோடு சண்டை பிடிக்கவில்லை.

நாடகம் பிறகு ஒரு வருடத்துக்குமேல் ஓடியது. அருள் வரவுமில்லை, சாகவுமில்லை. நிலையம் மூடப்பட்ட பிறகு அக்கா நாவல் எழுதத் தொடங்கினார். இன்றைக்கு அவருக்கு மூன்று நாவல்கள் இருக்கின்றன, வெளிநாடுகளிலும் வாசிக்கிறார்கள். முதல் நாவலுக்குப் பிழை திருத்தியது நான். ஒருநாள் அச்சகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"சமர்ப்பணப் பக்கத்தில ஒரு பேர் மட்டும் கிடக்குது. 'நினைவாக' எண்டு போடுறதோ, 'அன்புடன்' எண்டு போடுறதோ? கேட்டுச் சொல்லுங்கோ."

அது அவருடைய தம்பியின் பெயர். அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார். அச்சகத்தார் இரண்டு நாளுக்கு ஒருக்கால் என்னைக் கேட்டார்கள். நான் அக்காவைக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பதில் தெரியும், பல வருடங்களுக்கு முன்பு நானே அதை ஒலிவாங்கியில் சொன்னவள். அவர் எழுதித் தந்த வசனம்தான் அது. ஆனாலும் அதை நான் அவருக்கு எடுத்துக் கொடுப்பது சரியில்லை என்று பட்டது.

மூன்றாம் கிழமை அவரே தொலைபேசியில் அழைத்தார். "பேரை மட்டும் போடச் சொல்லு" என்றார்.

மாமிக்காக அந்த வசனத்தை எழுத அக்காவுக்கு ஒரு பஸ் பயணம் போதுமாக இருந்தது. தம்பிக்காக அதைச் சொல்ல மூன்று கிழமை எடுத்தது.