ஜெபத்துக்கு வாங்கிய மேசை

சீட்டாட்டத்தை விட்டு இரண்டு வருஷம் ஆன பிறகும், வீட்டில் "இன்னைக்கு ஏன் லேட்டு?" என்று கேட்டால், பதிலை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். சைக்கிள் பஞ்சர் என்பது முழு உண்மையாக இருந்தாலும், என் வாயிலிருந்து வரும்போது அது பொய் மாதிரியே வரும். பஞ்சர் ஒட்டியவரைக் கையோடு கூட்டிவந்து வாசலில் நிறுத்தினால் என்ன என்றுகூட யோசித்திருக்கிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். கல்யாணம் ஆனது எண்பதுகளின் கடைசியில். மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். என் கெட்ட நேரம், நான் ரம்மி ஆடப் போன மனமகிழ் மன்றமும் அதே ஊரில்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். மாமியாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறுவேன். அவர் இருக்கும் தெருப்பக்கமே திரும்ப மாட்டேன். ஒருநாள் அப்படிப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்க அம்மா நல்லா இருக்காக. ஒன்னையக் கேட்டாக" என்றேன். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "ஆமா மாப்ள, நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

அன்றே மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாயோடு பஸ் ஏறிவிட்டாள். எங்கள் சபைப் போதகர்தான் போய்ப் பேசி அவளைத் திரும்பக் கூட்டிவந்தார். அதற்கு முன், ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இனிமேல் சீட்டைத் தொடமாட்டேன் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தொடவும் இல்லை. மனைவி வீட்டுப்படி ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இன்னொரு தடவ இந்தப் பேச்சு வந்துச்சுன்னா, பொறவு யாரு வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அந்த இரண்டு வருஷமும் ஒழுங்காகத்தான் போனது. அப்போதுதான் தென்காசி ரோட்டில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். எந்தக் காலத்திலோ எஸ்டேட் வெள்ளைக்காரர் குடியிருந்த வீடாம். சாமான்களை முற்றத்தில் போட்டு விற்றார்கள். நல்ல கட்டில், பீரோ எல்லாம் பெரிய வீடுகளுக்குப் போய்விட்டன. சுவரோரம் ஒட்டி நின்ற அரைவட்ட மேசையை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. பாதி மேசை யாருக்கு வேண்டும்?

எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நான்கு கால்களும் கீழே போகப் போக மெலிந்து, சீவின பென்சில் மாதிரி நின்றன. முன்பக்க வளைவில் வெளிர் மரத்தை இழை இழையாகப் பதித்து ஒரு மாலை. மாலைக்கு நடுவே இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரு பாத்திரம். நகத்தால் தடவினாலும் ஒரு மரம் முடிந்து இன்னொரு மரம் தொடங்குகிற இடம் தட்டுப்படவில்லை. "சுவத்தோட போட்டு பூச்சாடி வைக்கிற மேசை" என்றார் பங்களா வாட்ச்மேன்.

வீட்டில் இறக்கியதும் மனைவி அந்தப் பாத்திரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, இது திருவிருந்துப் பாத்திரம்லா?" என்றாள். நற்கருணை கொடுக்கும்போது எங்கள் சபைக் கோயிலில் வைக்கும் பாத்திரத்தைத்தான் சொன்னாள். எனக்கும் அப்படியேதான் தெரிந்தது. அடுத்த மாத வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. போன தடவை வேதப்புத்தகத்தை பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்த குறை அவளுக்கு இருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டு தினமும் மேசையைத் துடைத்தாள். துடைக்கும்போது பாட்டுக்கூடப் பாடினாள்.

கூட்டத்தன்று சாயங்காலம் மாமியார் பால்கோவாவோடு வந்திருந்தார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மனைவியின் அண்ணனும் கூடவே வந்தார். நல்ல மனுஷர், ஆனால் குரலை இறக்கிப் பேசத் தெரியாது. ஆட்கள் வரவர இடம் நெருக்கடியானது. "மாப்ள, மேசைய நடுவுல இழுத்துப் போடுவம். சுத்தி உக்காரலாம்" என்றார். போதகர் மேசைமேல் இருந்த வேதப்புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மேசையை நடுவுக்குக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் நகர்த்தலாம் என்று மச்சான் பலகையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். மேல்பலகை மட்டும் பெட்டி மூடி மாதிரி எழுந்து வந்தது.

"ஏ, இது தொறக்குது மாப்ள!"

நான் வேண்டாம் என்று சொல்லுவதற்குள் அதை முழுசாக மறுபக்கம் கவிழ்த்துவிட்டார். அந்தப் பக்கம் தாங்க ஒன்றும் இல்லை. மேசை அப்படியே போதகரின் மடியைப் பார்த்துச் சாய்ந்தது. நான் பாய்ந்து அடியில் கையைக் கொடுத்தேன். கையில் அகப்பட்டது பின்பக்கத்துக் கால். பிடித்து இழுத்தேன். அது கதவு மாதிரி வெளியே திரும்பி, பலகைக்கு அடியில் போய்ச் சரியாக நின்றுகொண்டது.

அரைவட்டம் முழுவட்டமாகிவிட்டது. உள்ளே பச்சை நிறத்தில் கம்பளித் துணி ஒட்டியிருந்தது, அங்கங்கே பூச்சி அரித்து. ஓரத்தில் கரண்டியால் அள்ளியெடுத்த மாதிரி நான்கு குழிகள்.

"இது என்ன, பல்லாங்குழியா? நாலுதான் கெடக்கு" என்றார் மாமியார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பல்லாங்குழி இல்லம்மா. இது வெள்ளைக்காரன் சீட்டாடுத மேசை. எங்க ஆபீசர்ஸ் மெஸ்ல இதே மாதிரி ஒண்ணு கெடக்கு. குழிக்குள்ள அவுகவுக காச..." என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்த மச்சானுக்கு அப்போதுதான் இது யார் வீடு என்பது ஞாபகம் வந்தது போல. வாயை மூடிக்கொண்டு பால்கோவா டப்பாவைப் பார்த்தார்.

பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "கால எம்புட்டு வேகமா இழுத்தாக, பாத்தீகளா? பழகுன கை."

போதகர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். "மறைவான கட்டுகளை அறுத்துப்போடும் ஆண்டவரே" என்றார். மற்றவர்கள் உரக்க ஆமென் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு கவலை. சத்தமாகச் சொன்னால் குற்றத்தை ஒத்துக்கொண்டது போல ஆகும், சொல்லாவிட்டால் கல்நெஞ்சன் என்பார்கள். நடுத்தரமான சத்தத்தில் சொன்னேன். என் காதுக்கே அது கள்ளத்தனமாகக் கேட்டது.

எல்லாரும் போன பிறகு மாமியார், "ஏட்டி, துணிய எடு. ரெண்டு நா நம்ம வீட்ல வந்து இரு" என்றார். மனைவி என்னைப் பார்க்காமல், "நீங்க முன்னால போங்கம்மா. வாரதுன்னா நாளைக்கு வாரேன்" என்றாள். ஆனால் பையை எடுத்து நான்கு சேலைகளை மடித்து உள்ளே வைத்தாள்.

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். வாட்ச்மேன் வந்து பூச்சாடி மேசை என்று சொன்னால் போதும். அங்கே செங்கல் குவியல்தான் இருந்தது. ஆள் சொந்த ஊருக்கு, ஆலங்குளம் பக்கம் போய்விட்டார் என்று லாரியில் கல் ஏற்றியவர்கள் சொன்னார்கள். திரும்பி வந்து அரிவாளை எடுத்தேன்.

"என்ன செய்யப் போறீக?" என்றாள் மனைவி.

"வெட்டி அடுப்புல வைக்கப் போறேன்."

"வெட்டுங்க. ஊரு சொன்னது நெசம்னு ஆயிரும்."

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பை வாசல் பக்கம் இருந்தது. மேசை இன்னும் திறந்தபடியே கிடந்தது.

"அந்தக் காலு திரும்பும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள்.

"தெரியாது. சாயுதேன்னு கையக் கொடுத்தேன். அதுவா வந்துச்சு" என்றேன். மன்றத்தில் நாங்கள் ஆடியது இரும்பு மேசையில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதையா இப்போது சாட்சியாகச் சொல்வது? தரையில் சிந்திக் காய்ந்திருந்த டீக்கறையைப் பார்த்தபடி, "தெரியாது" என்றே திரும்பவும் சொன்னேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், சேலைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள். "நம்புதேன்" என்றாள்.

என்னால் நம்ப முடியவில்லை. பின்னாலேயே போனேன். "எத வச்சு நம்புத?"

"பொய் சொல்லும்போது நீங்க என் கண்ணப் பாத்துத்தான் சொல்லுவீக. சிமிட்டக்கூட மாட்டீக. இன்னைக்குத் தரையப் பாத்துல்லா பேசுனீக."

ஒரு மூச்சு நிம்மதியாக விட்டேன். அவ்வளவுதான், அடுத்த மூச்சு வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்றது, ஷிப்டு நீண்டுவிட்டது என்றது, கூட வேலை பார்ப்பவனுக்கு உடம்பு சரியில்லை என்றது, எல்லாவற்றையும் அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். மாட்டிக்கொண்டது மாமியார் அடுப்படியில் இருந்த அந்த ஒருநாள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மற்ற நாட்களிலும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சோறு போட்டிருக்கிறாள். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

சபையார் முன்னால் பட்ட வெட்கம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து அவளிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டி வந்தால், எங்கே பார்த்துச் சொல்வதென்று எனக்குத் தெரிவதில்லை.