கார்டு இல்லாதவருக்கு ஒரு விலை

அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். வேங்கிக்காலில் ஒரு புது வீட்டுக்குப் பூசிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து, மாடி உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மேஸ்திரி அவரை ஆட்டோவில் ஏற்றி, வழியில் முதலில் தென்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனவர்தான். பிறகு போனை எடுக்கவே இல்லை.

நான் வேலை செய்த துணிக்கடையிலிருந்து ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் பலகை பெரிதாக நின்றது. பணம் கட்டும் இடத்தில் இருந்தவர் அக்காவிடம், "கார்டு இருக்கா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்போ கேஷ்."

அவர் சொன்ன தொகை, மாமா ஒரு வருஷம் முழுக்கச் சுவர் எழுப்பினாலும் வராது.

அந்தப் பலகை வருவதற்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன் நடந்தது. அம்மா டாக்டர் அறைக்கு வெளியே நின்று அழுதாள். டாக்டர் பில்லை வாங்கிப் பாதியைப் பேனாவால் அடித்துவிட்டார். அந்த நம்பிக்கையில் நானும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பணம் வாங்குபவரிடம் சொன்னேன்.

"கம்மி பண்ணச் சொல்லவா? அதெல்லாம் அப்போம்மா. இப்பதான் ஏழைங்களுக்குன்னு கவர்மெண்ட் கார்டு குடுத்துட்டாங்களே. கார்டு இல்லன்னா நீங்க ஏழை இல்லன்னு அர்த்தம்." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "கார்டுல வர்றவங்களுக்கு அவங்க குடுக்கற ரேட்டு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த நஷ்டத்த யார்கிட்ட வாங்கறது? கேஷ் பேஷண்ட்டுக்கு ஜாஸ்தியாதான் போடணும்."

எதையும் மறைக்காத மனிதர்.

"பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடறோம்" என்றாள் அக்கா.

"ஆட்டுனா நரம்பு போயிடும். எழுதிக் குடுத்துட்டு இட்டுனு போங்க" என்றார் நர்ஸ். அக்கா பயந்துபோய், கார்டு வாங்கும்வரை அவரை அங்கேயே வைத்திருக்கச் சம்மதித்தாள்.

கார்டு வாங்க ரேஷன் அட்டை வேண்டும். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகும் மாமா தனி அட்டை வாங்கவில்லை. அவர் பெயர் கீழ்பென்னாத்தூரில் அவருடைய அண்ணன் வீட்டு அட்டையிலேயே கிடந்தது. மறுநாள் காலை அக்காவும் நானும் பஸ் ஏறினோம்.

அண்ணன் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். தம்பி விழுந்த கதையைக் கேட்டபடியே காலால் கடலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா முடித்ததும், "அட்டைய தர்றேன். நிலத்துல அவன் பங்கு வேணாம்னு எழுதித் தரச் சொல்லு" என்றார்.

"அவரு உயிருக்குப் போராடினு இருக்காருங்க."

"அதனாலதான் கேக்கறேன். நல்லா இருந்தா எழுதித் தருவானா?"

அன்று சாயங்காலமே அவர் முத்திரைத்தாளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாமாவுக்கு நிமிர முடியவில்லை. நான் தாளை ஒரு நோட்டின் மேல் வைத்துத் தூக்கிப் பிடிக்க, படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். பேனா மேல்நோக்கி இருந்ததால் பாதியில் மை வரவில்லை. அண்ணன் பேனாவை வாங்கி உதறி மறுபடி கொடுத்தார். "முழுசா போடு. நடக்க ஆரம்பிச்சதும் ரிஜிஸ்டர் பண்ணணும்" என்றார். தம்பியின் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அட்டை கிடைத்தும் கார்டுக்குப் போட்டோவும் கைரேகையும் வேண்டியிருந்தது. அதற்கு வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு ஆளே வர வேண்டும். ஆட்டினால் நரம்பு போய்விடும் என்று சொன்ன அதே நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். வேங்கிக்கால் போகும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் மாமா கத்தினார். போட்டோ எடுக்கும் இடத்தில் நீளமான வரிசை. ஸ்ட்ரெச்சரோடு நுழைந்ததும் வரிசையில் இருந்த ஒருவர், "நாங்களும் காலையிலேர்ந்துதாம்மா நிக்கறோம்" என்றார். யாரும் விலகவில்லை. நாங்களும் நின்றோம். முறை வந்தபோது மாமாவின் விரல் ரேகை விழவில்லை, சிமெண்டில் தேய்ந்துபோயிருந்தது. எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு விரல் ஒத்துக்கொண்டது.

அதன்பிறகும் அனுமதி வர நாளானது. ஆபரேஷன் இலவசமாகவே நடந்தது. முன்னமே செய்திருந்தால் கால் குட்டையாகியிருக்காது என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலில் ஓட்டல் சமையற்காரர் ஒருவர் வந்திருந்தார். மாமாவைப் போலவே இடுப்பில் அடி. கார்டு இல்லை. அவர் மனைவி எங்களிடம் வந்து, கார்டுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"கவர்மெண்ட் சும்மா குடுக்குது. அதக்கூட வாங்கி வெக்காம இவ்ளோ நாளா இன்னா பண்ணினு இருந்தீங்க?"

அந்தப் பெண் தலைகுனிந்து திரும்பிப் போனாள். அக்கா சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாள். மாமா சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெம்பைப் பார்த்தேன். அது என்னைப் பயமுறுத்தியது. வெளியே போய் அந்தப் பெண்ணைத் தேடி விவரம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் மாமாவை அண்ணன் முதலில் கூட்டிப்போனது பத்திர ஆபீசுக்குத்தான். அங்கிருந்த அதிகாரி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "யாரும் கட்டாயப்படுத்தாம, சுய விருப்பத்தோடதானே எழுதிக் குடுக்கறீங்க?"

"ஆமாங்க" என்றார் மாமா.

இப்போது அவரால் சாரம் ஏற முடியாது. அக்கா லாட்ஜ் ஒன்றில் அறைகள் கூட்டிப் பெருக்குகிறாள்.